புகை வீட்டுல தொங்கின கித்தார்

பத்திரமா வச்சுத் தாரேன்னு வாங்கிட்டுப் போன சாமானை ஒருத்தர் உடைச்சு, சாக்குல போட்டு உங்க வாசல்ல வச்சுட்டுப் போனா, நீங்க என்ன பண்ணுவீங்க? போயி ரெண்டு வார்த்தை கேப்பீங்கல்ல? கெர்ட்ரூட் கேக்கல. அவ கேக்காதது தப்புன்னு பின்னாடி லயத்து வரிசை வீடுங்கள்ல எல்லாரும் சொன்னாங்க. சொல்றவங்களுக்கு என்ன, வாய் இருக்கு, சொல்லுவாங்க.

மலாயாவுல கோலா கங்சார் ரோட்டுல ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவ அவ. கன்னியாஸ்திரி மடத்துல வளந்த புள்ள, அவங்க வச்ச பேரு. லயத்துல யாருக்கும் அந்தப் பேரு வாயில நுழையல. பாதிப் பேரு கெர்த்துன்னாங்க. மேல் லயத்துக் கிழவர் ஒருத்தர் கேத்தரீனாள்னுதான் கூப்பிடுவாரு. அவளும் அதுக்கே திரும்பிப் பாப்பா.

புருஷன் பேரு லியோனார்ட். காரைக்கால் பக்கத்து ஆளு. பகல்ல தோட்டத்து மாட்டுவண்டி, பொழுது சாஞ்சா கித்தார். அந்தக் கித்தாரைக் கல்யாணத்துக்கு முன்னாடியே வச்சிருந்தான். எங்க வாங்கினேன்னு கேட்டா, கூட்டாளி ஒருத்தன் குடுத்தான்னு சொல்லுவான். எந்தக் கூட்டாளி, எந்த ஊருன்னு அவ தோண்டிக் கேட்டதில்ல. புருஷன் பொண்டாட்டி பேச எவ்வளவோ இருக்கு, கித்தாருக்குப் போயி யாரு ஜாதகம் கேப்பா? புள்ளைங்க இல்லாத வீடு. அவ விரலைப் பிடிச்சுத் தந்தியில வச்சு வச்சு அவளுக்கும் சொல்லிக் குடுத்தான். தாளம் தப்பும்போதெல்லாம் தொடையில தட்டி 'ஊனோ, தோஸ், த்ரேஸ்'னு எண்ணுவான். காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் ஆட்சியாச்சே, அது பிரெஞ்சு போலன்னு அவ நினைச்சுக்கிட்டா.

மழைக்காலத்துக் காய்ச்சல் வந்துச்சு. அந்த வருஷம் லயத்துக்கு ஒரு ஆள்னு கொண்டுபோச்சு. அதுல லியோனார்டும் போயிட்டான்.

அடக்கம் முடிஞ்சு ஆளுங்க கலையுறதுக்குள்ள உபதேசியார் லூர்துசாமி வந்தாரு. அவருக்குத் தோட்டத்துல ரெண்டு வேலை. வார நாளு முழுக்க புகை வீட்டு மண்டோர். பாலை உறைய வச்சு, மெஷின்ல போட்டு, ஷீட்டாக்கி, அந்தப் புகை வீட்டுக்குள்ள மூங்கில்ல வரிசையாத் தொங்க விட்டு விறகுப் புகை போடுவாங்களே, அதுக்கு மேலாளு அவருதான். சாவி அவரு இடுப்புல. ஞாயித்துக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டுக்கிட்டா உபதேசியார். ஈப்போவுல இருந்து சாமியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் பூசை வைக்க வருவாரு. மத்த வாரமெல்லாம் தகரக் கொட்டாய்க் கோயில்ல ஜெபம் சொல்றது, பாட்டு ஆரம்பிக்கிறது, யாரு வரலன்னு பாக்குறது, எல்லாம் இவரு.

முப்பதாம் நாள் பூசை முடியிற வரைக்கும் செத்தவன் தொட்ட வாத்தியம் வீட்டுல இருக்கப்படாதுன்னாரு. மழை வேற, பூசணம் பிடிச்சிரும், கோயில்ல மாதா காலடியில வச்சிருந்து தாரேன்னாரு. அழுது கண்ணு வீங்கிக் கிடக்குறவகிட்ட அந்த நேரத்துல எதைக் கேட்டாலும் குடுப்பா. கெர்ட்ரூட் கித்தாரைப் படுக்கை விரிப்புல சுத்தி, குழந்தையைத் தூக்கிக் குடுக்குற மாதிரி குடுத்தா.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சுது. கித்தார் வரல. ரெண்டு தடவை கேட்டா. தாரேன் தாரேன்னாரு. அப்புறம் ஒருநாள் வேலை விட்டு வந்து பாத்தா, வாசல்ல ஒரு கோணிச்சாக்கு. உள்ள கித்தார், அதாவது கித்தாரா இருந்தது. மேல்பலகை நடுவுல விரிசல் விட்டு உள்ள குழிஞ்சு போயிருந்துச்சு. தந்தி உக்காருற குதிரை பேந்து தனியாக் கிடந்துச்சு. அடிப்பலகை ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்துச்சு. பிளந்த இடமெல்லாம் பழுப்பா, இழுத்தா இழுபடுற மாதிரி என்னமோ அப்பியிருந்துச்சு. தொட்டுப் பாத்தா ரப்பர் பால். பால் ஊத்தி ஒட்டியிருக்காங்க.

அடுத்த வீட்டு வீரம்மா வந்து எட்டிப் பாத்தா. வீரம்மாவுக்கு மாரியாத்தாளைத் தவிர யாருகிட்டயும் பயமில்ல.

"என்னடி கெர்த்து, கித்தாரைக் குடுத்தா செருப்புத் தைச்சுக் குடுத்திருக்காங்க"ன்னா.

வீரம்மாவே உபதேசியாருக்கு ஆள் விட்டுக் கேட்டதுக்கு, பழைய சாமான்தானே, ஆளு போனதும் அதுவும் போச்சுன்னு பதில் வந்துச்சு. கோயில்லயே இருந்துச்சாம், தானா விட்டுப்போச்சாம். போயி நாலு பேரு முன்னாடி கேளுடின்னு வீரம்மா விரட்டினா. கேட்டா சண்டை வரும், சண்டை வந்தா கித்தார் ஒட்டிக்குமான்னு கெர்ட்ரூட் சொல்லிட்டா. அவளுக்கு வேண்டியது நியாயம் இல்ல, அந்தச் சத்தம். அது மறுபடியும் வீட்டுக்குள்ள கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

மறு ஞாயிறு ஜெபத்துக்குப் போகாம, சாக்கை மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனா. டவுன்ல நாற்காலி செய்யிற சீன முதலாளி, தவுக்கேம்பாங்க, ஒருத்தர் சாக்குக்குள்ள பாத்துட்டு, அடுப்பைக் கையால காட்டினாரு. வாச்சுக் கடைக்காரன் கித்தாரைப் பாக்காம அவளையே பாத்தான். கடைசியில டவுனை ஒட்டிப் புந்தோங்ல ஒரு ஆசாரி நாடகக்காரங்க ஆர்மோனியத்தை எல்லாம் சரி பண்றாருன்னு யாரோ சொல்லி, விசாரிச்சு விசாரிச்சுப் போய்ச் சேந்தா.

ஆசாரி பேரு அர்ச்சுனன். பாதி செஞ்ச வண்டிச் சக்கரத்து மேல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்தாரு. சாக்கோட வாயை அவிழ்த்ததுதான் தாமதம், மூக்கைப் பொத்திக்கிட்டாரு.

"என்ன தங்கச்சி, இதுக்குள்ள கருவாடு சுட்டியா?"

அவளுக்குப் புரியல. கித்தார் ஓட்டைகிட்ட மூக்கை வச்சு மோந்து பாத்தா. மர வாசம்தான் வருது அண்ணேன்னா. அவரு அவளை ஏற இறங்கப் பாத்தாரு. அவ சேலை முந்தானையை லேசாப் பிடிச்சு மோந்துட்டு விட்டுட்டாரு.

"உனக்குத் தெரியாதுலா. உன் சேலையும் அந்த நாத்தம்தான், உன் தலைமுடியும் அந்த நாத்தம்தான். ரப்பர் ஷீட்டு லாரி இந்த ரோட்டுல போனா நாங்க கதவைச் சாத்துறோம். இதை எவனோ புகை வீட்டுல தொங்க விட்டிருக்கான்."

அப்பத்தான் அவளுக்கு மண்டையில உறைச்சுது. ஷீட்டுக்குப் பூசணம் பிடிச்சா என்ன பண்ணுவாங்க? புகை வீட்டுல தொங்க விடுவாங்க. கித்தாருக்கும் பூசணம் பிடிக்கும். அதையும் தொங்க விட்டா ஆச்சு. மீன் பிடிக்கிறவன் இப்படி யோசிக்கமாட்டான், துணி வெளுக்கிறவன் யோசிக்கமாட்டான். ஆயுசு முழுக்க ரப்பரைத் தவிர வேற எதையும் பாக்காதவனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். கித்தார் காய்ஞ்சுது. காய்ஞ்சு, பசை விட்டு, பலகை சுருங்கி வெடிச்சுது. வெடிச்சதும் கையில எது இருக்கோ அதை ஊத்தி ஒட்டிட்டாரு மண்டோர். நல்லதுன்னு நினைச்சுத்தான் தொங்க விட்டிருப்பாரு, அது வரைக்கும் அவரைத் திட்ட ஒண்ணுமில்ல. ஆனா கோயில்லயே இருந்துச்சுன்னு சொன்னாரே, அதுக்கு என்ன பேரு வைக்கிறது?

ஆசாரிக்கு அந்தப் பால் ஒட்டைப் பாத்துத்தான் கோவம். விரிசல் விட்டதைக்கூட மன்னிக்கலாம், பாலை ஊத்தினவன் கையை வெட்டணும்னாரு. ரப்பர் மரத்தோட மரமா ஒட்டாது, நடுவுல மெத்தை மாதிரி நிக்கும், மெத்தையைத் தட்டினா சத்தம் வருமான்னு கேட்டுட்டு ரோட்டைப் பாத்துக் காறித் துப்பினாரு. கித்தாரை இதுக்கு முன்ன திறந்ததில்லன்னும் சொன்னாரு. ஒளிச்சுப் பேசத் தெரியாத ஆளு. வீணை செய்யிற நினைப்புல பலகையைத் தொட்டுட்டு, ஐயோ இது அப்பளம் மாதிரில்ல இருக்குன்னு கையை எடுத்துக்கிட்டாரு. சரியா வந்தா உன் அதிர்ஷ்டம், வராட்டி விறகுன்னாரு. கூலியை முன்னாடியே வாங்கிக்கிட்டாரு.

அடுத்தடுத்த ஞாயிறு அவ போயிப் பக்கத்துல உக்காந்துக்குவா. மண்ணெண்ணெயில துணியை நனைச்சு அந்தப் பாலை ஊறவச்சுச் சுரண்டுறதுக்கே ஒரு நாள் முழுக்கப் போச்சு. அடிப்பலகையைக் கழட்டினா, உள்ள விசிறிக் குச்சி மாதிரி மெல்லிசாச் சட்டங்க வரிசையா ஒட்டியிருந்துச்சு. பாதி விட்டுப்போயி ஆடிச்சு, ஒண்ணு ஒடிஞ்சே போயிருந்துச்சு. ஒரு செத்த ஆர்மோனியத்துல இருந்து பலகை எடுத்து அதே கனத்துக்குச் சீவி வச்சாரு. குழிஞ்ச மேல்பலகையை ஈரத் துணி போட்டுப் போட்டு மெதுவா நிமுத்தினாரு. வஜ்ரத்தைத் தகர டப்பாவுல வச்சு வெந்நீர்ச் சட்டிக்குள்ள உருக்கினாரு. மாட்டுத் தோல் பசை, அதுக்கு ஒரு நாத்தம். சைக்கிள் டியூப்பை நீளநீளமாக் கிழிச்சு கித்தாரைச் சுத்தி இறுக்கிக் கட்டினாரு.

"பாத்துக்க தங்கச்சி, ரப்பர் கட்டுறதுக்குத்தான், ஒட்டுறதுக்கு இல்ல. உங்க மண்டோருகிட்ட போயிச் சொல்லு."

அவ சிரிச்சா. புருஷன் போனப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சா.

அடிப்பலகை ஓரத்துல கொஞ்சம் சீவின தூளை ஆசாரி கிளாஸ் தண்ணியில போட்டு வெயில்ல வச்சாரு. வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள தண்ணி லேசா நீலமா மின்னுச்சு. ஊர்ல வேங்கை மரம் இப்படித்தான் நீலம் விடும், இது அதோட தம்பி, இங்க ரோட்டோரம் நிக்கிற அங்சானா மரம்னாரு. வெள்ளைக்காரன் ஊர்ல இந்த மரம் கிடையாது. மணிலாவுல இதுலதான் கித்தார் செய்யிறாங்கன்னு பங்சாவான்னு மலாய்க்காரங்க போடுற நாடகத்துல வாசிக்கிற மணிலாக்காரன் ஒருத்தன் அவருகிட்ட சொல்லியிருக்கான். தந்தியும் அவன்கிட்டதான் வாங்கி வச்சிருந்தாரு, கம்பி இல்ல, நரம்புத் தந்தி. அந்த மணிலாக்காரன் எப்படி எண்ணுவான்னு நடிச்சுக் காட்டுறதுக்காக ஆசாரி தொடையைத் தட்டினாரு.

"ஊனோ, தோஸ், த்ரேஸ்."

லியோனார்டும் அப்படியேதான் எண்ணுவான். லியோனார்டோட கூட்டாளி எந்த ஊரு ஆளுன்னு புருஷன் செத்ததுக்கு அப்புறம் கெர்ட்ரூட்டுக்குத் தெரியுது.

கித்தார் வீடு வந்து சேந்துச்சு. முன்ன மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லமுடியாது. மேல்பலகையில தழும்பு தெரிஞ்சுது, அடித் தந்தி கொஞ்சம் கரகரன்னுச்சு. ஆனா பேசுச்சு. சாயந்தரம் வேலை முடிஞ்சு குளிச்சிட்டு, வாசப்படியில உக்காந்து அவனுக்குப் பிடிச்ச மாதா பாட்டை வாசிச்சா. அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னவங்க எத்தனையோ பேரு. வீரம்மா முன்னாடியே பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டா, வேலைக்கும் லயத்துக்கும் நடுவுல இது ஒண்ணாவது இருக்கேன்னா.

அந்தச் சத்தம் உபதேசியார் வீடு வரைக்கும் போச்சு.

மறுநாளே வந்துட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. கோயில் கித்தாரை நல்லாச் சரி பண்ணிக் கொண்டு வந்திருக்கியே, மாதா உனக்குப் புண்ணியம் தருவான்னாரு. கோயில் கித்தாரான்னு அவ கேட்டா. ஆமா, பழைய துரை சீமைக்குப் போகும்போது கோயிலுக்குன்னு குடுத்துட்டுப் போனது, லியோனார்டுக்கு வாசிக்கத் தெரியும்னு அவன்கிட்ட இருந்துச்சு, அவ்வளவுதான்னாரு. சொல்லும்போது கண்ணு கூசல. பக்கத்துத் தோட்டத்துக் கோயில்ல ஆர்மோனியம் வந்திருச்சு, இந்த வருஷத் திருநாளுக்கு நம்ம கோயில்ல கித்தார் வச்சுப் பாட்டுன்னு சாமியாருக்கு வாக்குக் குடுத்துட்டாராம். விஷயம் அங்க இருக்கு.

"நான் குடுக்கமாட்டேன் உபதேசியாரே."

"ஏம்மா, தாலி இல்லாத பொம்பளை வாசல்ல உக்காந்து கித்தார் தட்டுனா ஊரு என்ன பேசும்? நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஊரு பாய் போட்டுப் படுத்துக் கேக்குது"ன்னு வீரம்மா அடுப்படியில இருந்தே சொன்னா.

சிரிப்பு போச்சு அவருக்கு. சாமியார் வாரப்போ வச்சுப் பாத்துக்கலாம்னுட்டு விறுவிறுன்னு போயிட்டாரு.

சாமியார் வந்த ஞாயிறு, பூசை முடிஞ்சதும் யாரும் வீட்டுக்குப் போகல. தகரக் கொட்டாய் அன்னைக்கு நெருப்பாட்டம் கொதிச்சுது. சாமியார் கேட்டு அவ கொண்டுவந்த கித்தாரை மேசையில வச்சாங்க. சாமியார் வயசான பிரெஞ்சுக்காரர், தமிழ் நல்லாப் பேசுவாரு, புஸ்தகம் படிக்கிற மாதிரி பேசுவாரு. மோசமான மனுஷர் இல்ல. காய்ச்சல் காலத்துல லயம் லயமா வந்து அவரே தண்ணி ஊத்திக் குடுத்தாரு.

உபதேசியார் முதல்ல பேசினாரு. துரை குடுத்தது, சீமையில செஞ்சது, லியோனார்ட் செத்ததுல இருந்து எப்பவும் கோயில்லயே இருந்தது, மாதா காலடியை விட்டு நகந்ததே இல்ல. இந்தப் பொம்பளை புருஷன் செத்த துக்கத்துல எடுத்துட்டுப் போயிட்டா, பரவாயில்ல, கோயில் மன்னிக்கும். மன்னிக்குமாம். கேட்டீங்களா?

கெர்ட்ரூட் எந்திரிச்சா. கூட்டத்துல பேசிப் பழக்கமில்லாதவ, முதல்ல குரலே வரல. ஆசாரி சொன்னதைச் சொன்னா, அங்சானா மரம், நீலத் தண்ணி எல்லாம். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. மரம் எங்க பொறந்துச்சுன்னு மரமே சொல்லுச்சான்னு உபதேசியார் கேட்டாரு. சிரிப்பு கூடிப்போச்சு. அவ சாமியாரைப் பாத்து, ஊனோ தோஸ் த்ரேஸ்ங்கிறது உங்க பாஷையா சாமின்னு கேட்டா. இல்ல மகளே, அது ஸ்பானிய பாஷை, மணிலாவுல பேண்டு வாசிக்கிறவங்க அப்படி எண்ணுவாங்கன்னு சொன்னாரு. சொல்லிட்டுக் கித்தாரைத் திரும்பிப் பாத்தாரு.

"சாமி, அந்த ஓட்டைகிட்ட கொஞ்சம் மோந்து பாருங்க. இங்க உள்ளவங்க யாருக்கும் தெரியாது. எங்க எல்லாரு மூக்கும் செத்துப்போச்சு. நீங்க டவுன்ல இருந்து வந்தவரு."

சாமியார் குனிஞ்சாரு. ஒரு தரம் இழுத்தாரு, ரெண்டு தரம் தும்மினாரு. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு. அப்புறம் உபதேசியாரோட இடுப்பைப் பாத்தாரு, அங்க சாவி தொங்குது.

மாதா காலடியில ரப்பர் புகை எப்படி வந்துச்சுன்னு சாமியார் கேட்டாரு. உபதேசியார் பூசணத்துக்காகக் கொஞ்ச நாள் புகை வீட்டுல வச்சேன்னு முணுமுணுத்தாரு. எப்பவும் கோயில்லயே இருந்ததுன்னு சொன்ன வாய் அது.

முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்கல்ல? அவளும் அப்படித்தான் நினைச்சா. கித்தாரை எடுக்கக் கையை நீட்டிட்டா.

சாமியார் கூட்டத்தைப் பாத்து, இது லியோனார்டோடதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னாரு. அத்தனை பேரும் அவன் வாசிக்கக் கேட்டவங்க. கல்யாணத்துக்குக் கேட்டவங்க, ஞானஸ்நானத்துக்குக் கேட்டவங்க, அவன் வண்டியில கித்தாரோட இந்தத் தோட்டத்துக்கு வந்து இறங்கினதைப் பாத்தவங்க. எல்லாரும் தரையைப் பாத்தாங்க. பாலைக் கொண்டுபோய் ஊத்துறப்போ தண்ணி கலந்திருக்கு, அழுக்கா இருக்குன்னு தள்ளிக் கூலியை வெட்டுறது மண்டோர் கையிலல்ல இருக்கு. மேல் லயத்துக் கிழவர் மட்டும் எந்திரிக்கப் பாத்தாரு, மருமக வேட்டியைப் பிடிச்சு உக்கார வச்சிட்டா. வாசல்ல நின்ன வீரம்மா, நான் சொல்றேன் சாமி, அது அவ புருஷனோடதுதான்னா. நீங்க நம்ம வேதத்துல சேந்தவங்க இல்லம்மா, இது கோயில் விஷயம்னு அவளை நிறுத்திட்டாங்க.

சாமியார் தீர்ப்புச் சொன்னாரு. திருநாள் வரப்போகுது, கோயிலுக்குள்ள பிரிவினை கூடாது. உபதேசியார் வருஷக்கணக்கா உழைச்சவரு, அவரைத் தலைகுனிய வைக்கிறது சபைக்கு நல்லதில்ல. கித்தார் கோயில்லயே இருக்கட்டும். லியோனார்ட் பேரைச் சொல்லி வருஷா வருஷம் ஒரு பூசை வைப்போம். கெர்ட்ரூட் எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போகலாம்.

பாத்துட்டுப் போகலாமாம். ஆஸ்பத்திரியில கிடக்குறவனைப் பாக்குற மாதிரி.

உண்மை அந்த மனுஷருக்கு மூக்கு வரைக்கும் வந்துச்சு. தும்மிட்டு விட்டுட்டாரு. உபதேசியார் பொய் சொன்னது கூட ஆறும், இது ஆறாது. பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சாரே, அது.

"சமாதானம் பெரிசு மகளே"ன்னாரு சாமியார்.

கெர்ட்ரூட் அழல. அவ குரல் இப்ப நல்லாவே வந்துச்சு.

"சாமி, இது உடைஞ்சு சாக்குல வந்தப்போ என் சாமானா இருந்துச்சு. அப்ப இது கோயிலுதுன்னு யாரும் வரல. ஈப்போவுல தெருத் தெருவா நான் தூக்கிட்டு அலைஞ்சப்போ யாரும் வரல. இன்னைக்கு இது பாடுது. பாடின உடனே கோயிலுது ஆயிருச்சு. சமாதானம் வேணும்னா பொய் சொன்னவருகிட்ட கேளுங்க. என்கிட்ட இருக்குறது கித்தார்தான்."

மேசையில இருந்து கித்தாரை எடுத்தா. யாரும் தடுக்கல. வழி விட்டாங்க, அது ஒண்ணுதான் அவங்களால முடிஞ்சுது. சாமியார் கைக்குட்டையை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு.

உபதேசியார் மட்டும் வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தாரு. வெளிய வந்ததும் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"நாளைக்கு வேலைக்குப் போவல்ல? லயத்துக் கதவுக்குப் பூட்டு ஏது? ஆள் அனுப்பி எடுத்துக்குறேன். சாமியாரே சொல்லிட்டாரு, இனிமே அது திருட்டு இல்ல."

அவ திரும்பிப் பாக்கல. வீரம்மா அந்தாளை நல்லாவே திரும்பிப் பாத்தா, ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல சொல்லக்கூடாத நாலு வார்த்தையைச் சொல்லிட்டு வந்தா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வீரம்மாதான் கத்திக்கிட்டு வந்தா. கித்தாரை என் வீட்டுல ஒளிச்சு வையின்னா, மண்ணைத் தோண்டிப் புதைன்னா, ஈப்போ ஆசாரிகிட்டயே குடுத்து வையின்னா. ஒளிச்சு வைக்க நான் என்ன திருடினேனான்னு மட்டும் கெர்ட்ரூட் கேட்டா.

மறுநாள் காலையில, இருட்டுப் பிரியிற நேரத்துல பேரு கூப்பிடுற பெரட்டுக்கு மணி அடிச்சுது. கெர்ட்ரூட் பால் வாளியும் வெட்டுக் கத்தியும் எடுத்துக்கிட்டு, கித்தாரைப் பழைய சேலையால முதுகுல கட்டிக்கிட்டு, வரிசையில வந்து நின்னா. கங்காணி பேரு கூப்பிட்டாரு, அவ இருக்கேன்னா. அப்புறம் முதுகுல கித்தாரோடயே தன் மர நிரைக்குப் போயி பால் வெட்டினா.